மாடி ஏறிய வைஃபை பெட்டி

குத்துவிளக்கு வீட்டுக்குள் எரியும். இரவில் தோட்டத்துக்குப் போகிறவர் அரிக்கேன் விளக்கைத்தான் எடுத்துப் போவார். இரண்டிலும் எரிவது ஒரு திரிதான். ஆனால் அரிக்கேனைச் சுற்றிக் கண்ணாடிச் சிம்னி இருக்கிறது. காற்று திரியை அணைக்காது. மேலே தகர மூடி இருக்கிறது. தூறல் உள்ளே விழாது.

வைஃபை பெட்டியும் இப்படித்தான். கடையில் விற்கும் சாதாரணப் பெட்டி வீட்டுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதற்குச் சிம்னியும் இல்லை, மூடியும் இல்லை. அதை மாடியிலோ கம்பத்திலோ வைக்க வேண்டுமானால், அதற்கு ஒரு கூடு கட்ட வேண்டும்.

வெளியே ஏன் வைக்க வேண்டும்? வைஃபை பெட்டி, கம்பி வழியாக வரும் இணையத்தை வானொலி அலையாக மாற்றிக் காற்றில் விடுகிறது. அந்த அலையைச் செல்போன் வாங்கிக்கொள்கிறது. நடுவில் செங்கல் சுவர் வந்தால் அலை இளைத்துப் போகும். இரண்டு சுவர் வந்தால் இன்னும் இளைக்கும். கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் வந்தால் கேட்கவே வேண்டாம். பாரத்நெட் திட்டத்தில் பல ஊராட்சி அலுவலகங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்திருக்கிறது. பெட்டி அலுவலகத்துக்குள் இருக்கிறது. எதிர்ப்புறத்துப் பள்ளிக்கூடத்துக்கு அலை எட்டுவதில்லை. 2020ல் கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் செல்போனில் வந்தது. சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளைப் பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதின. பிள்ளை மரம் ஏறுவதற்குப் பதிலாகப் பெட்டி மாடி ஏறினால் நல்லதுதானே?

தரம்சாலாவில் செய்தது

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. இமாசலப் பிரதேசத்தில், தௌலாதார் மலையின் அடிவாரத்தில், தரம்சாலா இருக்கிறது. அங்கே திபெத்திய அகதிகள் பலர் வாழ்கிறார்கள். பள்ளிகள், மடங்கள், மருத்துவமனை, கைத்தொழில் கூடங்கள் எல்லாம் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் கம்பி இழுப்பது கடினம். மழையும் அங்கே மிக அதிகம்.

2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. வைஃபை அலையை வெளியிடங்களிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது அந்த விதி. அடுத்த மாதமே தரம்சாலாவில் வேலை தொடங்கிவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்களை இணைத்துவிட்டார்கள். இந்த வேலையிலிருந்து வளர்ந்த அமைப்புக்கு ஏர்ஜல்தி என்று பெயர். ஜல்தி என்றால் இந்தியில் சீக்கிரம் என்று பொருள். பெயருக்கு ஏற்ற வேகம்தான்.

அவர்கள் விலை உயர்ந்த கருவிகளை வாங்கவில்லை. வீட்டு உபயோகத்துக்கான லிங்க்சிஸ் பெட்டிகளை எடுத்தார்கள். அவற்றை மழை புகாத கூட்டுக்குள் வைத்தார்கள். உயரமான இடங்களில் நிறுத்தினார்கள். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளையும் மாற்றினார்கள். இதனால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியோடு தானே பேசிக்கொண்டது.

வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றுவார்கள். நடுவில் ஒருவர் நகர்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் கை நீட்டி வாங்கிக்கொள்வார். தரம்சாலாவின் பெட்டிகளும் அதுபோல வேலை செய்தன. ஓரிடத்தில் மின்சாரம் போனால், செய்தி வேறு பெட்டி வழியாகச் சுற்றிப் போனது. பின்னாளில் 30க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. 2000க்கும் மேற்பட்ட கணினிகள் இணைந்தன.

பெட்டியே ஏன் மேலே போக வேண்டும்?

பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஆண்டெனாவை மட்டும் மாடியில் வைத்து வயர் இழுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பழைய டிவி ஆண்டெனாவை அப்படித்தான் வைத்தோம்.

ஆனால் வைஃபை அலை வேறு மாதிரி. அது நொடிக்கு 240 கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. இவ்வளவு வேகமாக அதிரும் அலை, ஆண்டெனா வயருக்குள் ஓடும்போது வழியிலேயே கரைந்துபோகும். மெல்லிய ஆண்டெனா வயரில் 3 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய பாதி பலம் போய்விடும். 6 மீட்டர் போனால் கால் பங்குதான் மிஞ்சும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது போல.

இணையம் வரும் லேன் வயருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது 100 மீட்டர் வரை செய்தியைக் குறையாமல் கொண்டுபோகும். ஆகவே லேன் வயரை மாடி வரை இழுக்க வேண்டும். பெட்டியை ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கூடு கட்டும் வேலை வருவது இதனால்தான்.

மழையும் வெயிலும்

கூட்டுக்கு இரும்புப் பெட்டி உறுதியானது. ஆனால் ஆண்டெனா உள்ளே இருந்தால் இரும்புப் பெட்டி கூடவே கூடாது. உலோகம் அலையை வெளியே விடாது. பிளாஸ்டிக் பெட்டிதான் ஏற்றது. மின்சாரக் கடையில் ஜங்ஷன் பாக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். சிசிடிவி கேமரா மாட்டுகிறவர்களும் இதையே வாங்குகிறார்கள். பெட்டியின் மேல் ஐபி 65 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் 6 என்பது தூசு புகாது என்று சொல்கிறது. 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்று சொல்கிறது.

வயர்கள் எல்லாம் கூட்டின் அடிப்பக்கத்தில்தான் நுழைய வேண்டும். மேலேயோ பக்கத்திலேயோ துளை போட்டால், என்ன பூசினாலும் ஒருநாள் தண்ணீர் இறங்கும். நுழையும் இடத்தில் கேபிள் கிளாண்ட் என்ற ரப்பர் பிடிப்பைப் போட வேண்டும். இன்னொன்றும் முக்கியம். வயர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் போகக் கூடாது. முதலில் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். பிறகு மேலேறி நுழைய வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு வழிந்து வரும். வளைவின் அடியில் வந்ததும் சொட்டிவிடும். காசு செலவில்லாத ஏற்பாடு இது. ஆனாலும் பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

மழையை மட்டும் நினைத்துக் கூட்டை இறுக மூடிவிட்டால் வேறு தொல்லை வரும். பகலில் உள்ளே இருக்கும் காற்று சூடாகும், விரியும். இரவில் குளிரும், சுருங்கும். சுருங்கும்போது ஏதாவது ஒரு சிறு இடைவெளி வழியாக வெளியே உள்ள ஈரக்காற்றை உறிஞ்சும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் மேல் வியர்ப்பது போல, கூட்டின் உள்சுவரில் நீர் அரும்பும். ஒரு துளி மழை புகாத கூட்டிலும், சில மாதத்தில் அடியில் தண்ணீர் நிற்கும். ஆகவே அடிப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் போட வேண்டும். அவை நீர் வடியவும் காற்று போய் வரவும் உதவும். துளைகளின் மேல் மெல்லிய கம்பி வலை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். குளவி கூடு கட்டும். பெட்டியின் இதமான சூட்டைத் தேடிப் பல்லி வந்து முட்டை இடும்.

மழையைவிட வெயில்தான் பெரிய எதிரி. வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி சூடு வரைதான் தாங்கும் என்று அவற்றோடு வரும் தாளில் எழுதியிருக்கும். நாக்பூரிலும் ஜெய்ப்பூரிலும் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது. வெயிலில் நிற்கும் மூடிய கூட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். போதாததற்குப் பெட்டியே சூட்டைக் கக்கும். சூடு மிகுந்தால் பெட்டி அடிக்கடி நின்று நின்று ஓடும். உள்ளே உள்ள கெபாசிட்டர் என்ற சிறு பாகங்கள் காய்ந்து, பெட்டி விரைவில் கெட்டுப்போகும்.

இதற்கு மருந்து நிழல்தான். வடக்குப் பார்த்த சுவரில் மாட்டலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில் மாட்டலாம். கூடு வெள்ளை நிறமாக இருக்க வேண்டும். கூட்டுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கூரை போல நிறுத்தினால் இன்னும் நல்லது. கூடு பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக இருக்கக் கூடாது. சுற்றிலும் காற்று நிற்க இடம் வேண்டும்.

மின்சாரம் மேலே போகும் வழி

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இது. பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அதற்காக 230 வோல்ட் வயரையும் பிளக் பாயிண்டையும் மழையில் நனையும் மாடிக்குக் கொண்டுபோகவே கூடாது. ஒரு கசிவு போதும். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு நிற்பவரைக் கொன்றுவிடும்.

நல்லவேளையாக, பெட்டிக்கு 230 வோல்ட் தேவையில்லை. அடாப்டர் அதைக் குறைத்து 9 அல்லது 12 வோல்ட் ஆக்கித் தருகிறது. எனவே அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 12 வோல்ட் மட்டும் மேலே போகட்டும். அதற்குத் தனி வயரும் வேண்டாம். லேன் வயருக்குள் 8 கம்பிகள் இருக்கின்றன. சாதாரணப் பெட்டிகளில் 4 கம்பிகள்தான் செய்தியைச் சுமக்கின்றன. மற்ற 4 கம்பிகள் சும்மா இருக்கின்றன. அவற்றில் இரண்டைப் பாசிட்டிவுக்கும் இரண்டை நெகட்டிவுக்கும் பயன்படுத்தலாம். இதற்கென்றே இரண்டு சிறு இணைப்புகள் ஜோடியாக விற்கின்றன. பிஓஇ இணைப்பு என்று கேட்க வேண்டும். ஒன்று கீழே, ஒன்று மேலே.

கிகாபிட் வேகப் பெட்டிகளுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. அவற்றில் 8 கம்பிகளும் செய்திக்கே வேண்டும். அவற்றுக்குரிய பிஓஇ கருவி வேறு. மின்சாரம் ஏற்றிய லேன் முனையைக் கணினியில் செருகிவிடவும் கூடாது. அதில் ஒரு சீட்டு ஒட்டி வைப்பது நல்லது.

தூரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். நீளமான குழாயில் தண்ணீரின் அழுத்தம் குறைவது போல, நீளமான வயரில் வோல்ட் குறையும். அரை ஆம்பியர் எடுக்கும் பெட்டியை வைத்துக்கொள்வோம். நல்ல செம்புக் கம்பியில் 20 மீட்டர் போனால் ஏறக்குறைய 1 வோல்ட் குறையும். 12 வோல்ட் அனுப்பினால் 11 வந்து சேரும். அதில் பெட்டி ஓடிவிடும். 50 மீட்டர் என்றால் இரண்டரை வோல்ட் அளவுக்குக் குறையும். வந்து சேருவது ஒன்பதரைதான். பல பெட்டிகள் அதில் தடுமாறும். மலிவான லேன் வயரில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். அதில் இழப்பு இன்னும் அதிகம், கம்பியும் சீக்கிரம் ஒடியும்.

வீட்டுக்குள் இழுக்கும் சாம்பல் நிற வயர், வெயில் பட்டால் வெடித்துவிடும். வெளியில் இழுப்பதற்கான கறுப்பு உறை வயரை வாங்க வேண்டும். அல்லது வயரை பிவிசி குழாய்க்குள் விட வேண்டும். குரங்குகள் உள்ள ஊரில் குழாய் கட்டாயம் வேண்டும். குழாயைச் சுவரோடு இறுகப் பிடித்து ஆணி அடிக்கவும் வேண்டும்.

மின்சாரமே இல்லாத குன்றின் மேல் வைப்பதானால் சூரியத் தகடு உதவும். தரம்சாலாவிலும் அப்படிச் சில நிலையங்கள் வைத்தார்கள். 6 வாட் பெட்டி ஒன்று 24 மணி நேரம் ஓடினால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 ஆம்பியர்-மணி எடுக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. எனவே ஒரு நாள் தாங்க 24 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். மேகமூட்டம் அதிகமான இடத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு. தகடு 50 அல்லது 60 வாட் இருந்தால் போதும்.

சிம்னி விளக்கும் டார்ச் லைட்டும்

ஆண்டெனா புதிதாகப் பலம் எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் பலத்தை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. சிம்னி விளக்கு நாலாபுறமும் வெளிச்சம் தரும், தூரம் போகாது. டார்ச் லைட் ஒரே பக்கம் போகும், தூரமும் போகும். சந்தைத் திடலுக்கு நடுவில் குச்சி போன்ற ஆண்டெனா நல்லது. எதிர்க்கரையில் உள்ள பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மட்டும் என்றால், திசை பார்த்து வைக்கும் ஆண்டெனா நல்லது.

ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டால் கூப்பிடும் குரல் தூரத்தில் உள்ளவருக்குக் கேட்கும். அவர் வெறும் வாயால் பதில் சொன்னால் இங்கே கேட்காது. வைஃபையிலும் பேச்சு இருபக்கமும் நடக்க வேண்டும். செல்போனின் குரல் மெலிந்தது. ஆகையால் பெட்டியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. செல்போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. நல்ல ஆண்டெனா அப்படி அல்ல. அது பேசவும் உதவும், கேட்கவும் உதவும்.

இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் வேப்பமரமோ மாமரமோ இருந்தால் அலை தடைப்படும். இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். மழைத்துளிகள் இந்த அலையை அதிகம் தடுப்பதில்லை, நனைந்த இலைகள் தடுக்கும். மார்ச்சில் இலையுதிர்ந்த மரத்தின் வழியே வேலை செய்த இணைப்பு, ஜூலையில் செத்துவிடுவது இதனால்தான்.

ஆண்டெனா திருகும் இடத்தில் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி நிற்கும். தண்ணீர் உள்ளே போகாது.

இடியும் மின்கம்பியும்

இந்தியாவில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டவர்கள் இடி விழுந்து சாகிறார்கள். மாடியில் நிற்கும் இரும்புக் கம்பம் இடிக்கு எளிதான இலக்கு. கம்பத்திலிருந்து கனத்த செம்புக் கம்பியை நேராக எர்த் குழிக்கு இறக்க வேண்டும். அந்தக் குழியை வீட்டு எர்த்தோடும் இணைக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். லேன் வயரில் சர்ஜ் அரெஸ்டர் போட்டால், பக்கத்தில் விழும் இடியிலிருந்து கருவிகள் தப்பலாம். நேராக விழும் இடியிலிருந்து எதுவும் தப்பாது. வானம் இருண்டு முழங்கத் தொடங்கினால், முன்கூட்டியே லேன் வயரையும் அடாப்டரையும் வீட்டுக்குள் கழற்றி வைப்பதே நல்லது. இடி இடிக்கும்போது கழற்றப் போகக் கூடாது.

கம்பம் சாய்ந்தால் எங்கே விழும் என்றும் பார்க்க வேண்டும். மின்சார வாரியக் கம்பி விழும் தூரத்துக்குள் இருந்தால், அந்த இடமே வேண்டாம். ஏணியைத் தூக்கும்போதும் தலைக்கு மேல் பார்க்க வேண்டும். தனியாக மாடி ஏறவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2.4 என்று எழுதியிருக்கும் அலையை வெளியில் பயன்படுத்த 2005லிருந்து உரிமம் தேவையில்லை. 5 என்று எழுதியிருக்கும் அலையின் பெரும்பகுதிக்கு 2018ல் அந்தச் சலுகை வந்தது. அளவு உண்டு. 2.4 அலையில் கருவியின் பலம் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டெனா குவிக்கும் பலத்தையும் சேர்த்தால் 4 வாட் வரைதான். சாதாரணப் பெட்டி இதற்கு வெகு கீழே நிற்கிறது. பூஸ்டர் வைத்தால்தான் எல்லை மீறும் ஆபத்து.

பெட்டிக்குக் கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். 2008ல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் ஒருவரது பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டியது. மாடியில் வைத்த பெட்டியின் அலை தெருவையும் தாண்டிப் போகும். கடையில் வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லை அப்படியே விடக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு வைஃபை தர நினைக்கும் டீக்கடைக்காரருக்கும் வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் பிஎம்-வாணி என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன்படி சிறு கடைகளுக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆனால் கடைக்கென்று கூடு கட்டிய பழைய பெட்டி போதாது. நாள் முழுவதும் நம்பி இருக்க வேண்டிய இடத்தில், வெளிப்புறத்துக்கென்றே செய்த பெட்டியை வாங்குவதுதான் மேல். தரம்சாலாவின் காலத்தில் அது எட்டாத விலை. இப்போது அப்படி இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பெட்டியைக் களத்துமேட்டுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ மாட்டுவதற்குக் கூடு போதும்.

கூட்டை மேலே ஏற்றும் முன், ஒரு வாரம் கைக்கு எட்டும் இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நண்பகலில் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சூடு பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றியும் பார்க்கலாம். அப்போது பெட்டியை வெளியே எடுத்துவிட்டு, கூட்டுக்குள் ஒரு காகிதத்தை மட்டும் வைக்க வேண்டும். காகிதம் காய்ந்திருந்தால் மேலே ஏற்றலாம். பிறகு மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வலை கிழிந்திருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், துளையைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும். திறப்பதற்கு முன் கீழே அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும்.